பக்கத்து பிளாக்குக்குப் போன பொறந்த வூட்டுக் கோழி

தீர்க்காயுசாய் இருக்க வேண்டிய என் உடன்பிறந்த தம்பி கொளஞ்சிநாதனுக்கு, நெய்வேலி குவாட்டர்ஸிலிருந்து அக்கா சாமியம்மாள் எழுதுவது. நீயும் உன் சம்சாரம் ஆதிலட்சுமியும் பிள்ளைகளும் மாடு கன்றும் சுகம்தானே. நான் செத்துப் பிழைத்துச் சுகம்.

ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் விட்டு எனக்குத் தலைக்குத் தண்ணி ஊற்றினார்கள். அன்றைக்கு இந்த வீட்டில் இருந்தவர்கள்: என் மகன் சிங்காரவேல், மருமகள் அம்சவல்லி, அவளைப் பெற்ற சம்பந்தி பெரியநாயகி, பக்கத்து குவாட்டர்ஸ் கோயமுத்தூர்க்காரி ருக்குமணி. இல்லாதவன் நீ.

காய்ச்சலுக்கு டெங்கு என்று டாக்டர் பேர் சொன்னார். பேர் என்னவானால் என்ன, எலும்பை ஒவ்வொன்றாய்க் கழற்றி உதறித் திரும்ப மாட்டினமாதிரி வலி. கஞ்சி, இளநீர், சாத்துக்குடிச் சாறு என்று தண்ணியாய் நிறையக் குடிக்கணும், பசி எடுத்த பிறகு எல்லாம் சாப்பிடலாம் என்றார் அந்தப் புண்ணியவான். அம்சவல்லி அதில் கஞ்சியை மட்டும் பிடித்துக்கொண்டாள். காலையில் நொய்க்கஞ்சி, மத்தியானம் அதே கஞ்சி, சாயந்திரம் காலையில் மிஞ்சின கஞ்சி. இந்த டவுன்ஷிப்புலதான் உனக்குத் தெரியுமே, வூட்டுக்கு ஒரு ஜில்லா. ருக்குமணி கொள்ளு ரசம் வெச்சாந்தா. எதிர் வூட்டு மலையாளத்தம்மா பயத்தங்கஞ்சியில தேங்காயப் போட்டுக்கினு வந்தா. சம்பந்தி ஒரு சொம்பு நிலவேம்புக் கஷாயம் குடுத்தா. அதக் குடிச்சப்பறம் அம்சவல்லி கஞ்சிகூட இனிச்சுது. அந்த மனுஷி எனக்குச் செஞ்ச ஒரே நல்லது அதுதான்.

நம்ம வகையறாவுல தலைக்குத் தண்ணி ஊத்தினா மொதக் கறி பொறந்த வூட்டுக் கோழின்னு உனக்கு நான் சொல்ல வேணாம். அதுக்குத்தான் முன்னாடியே ஆள் அனுப்பினேன். பொழுது விடிஞ்சா பெரியநாயகி வடலூர்லேருந்து ஒரு வெடக்கோழிய மடியில வெச்சிக்கினு வந்து நிக்கறா. பூசத்துக்குப் பூசம் ஜோதி பாத்துட்டு மாமிசத்தப் பாக்கவே மாட்டேன்னு சொல்றவ! "சம்பந்தியம்மா, ஒங்க தம்பிக்கு என்ன வேலையோ பாவம், நம்ம கோழிய அறுத்துடலாமா?"ன்னு கேக்கறா. முந்திரி வெளையற பண்ருட்டிக்குப் பக்கத்துல பொண்ணு எடுத்துட்டு, முந்திரி இல்லாத கல்யாணப் பாயசம் குடிச்சவ நான். அவ கோழிய நான் தின்னா அப்பறம் இந்த வூட்டுல எனக்கு ஏது வாய்? கேட்க நாதியில்லாத கெழவின்னு ஆயிடாதா? "என் தம்பி வருவான், அதுவரைக்கும் பச்சத் தண்ணி பல்லுல படாது"ன்னுட்டேன்.

உச்சிப்பொழுது ஆச்சு. நீ வரல. சிங்காரவேல் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கறான். "அம்மா, டாக்டர் சாப்பிடச் சொன்னார்மா"ங்கறான். "டாக்டருக்கு பொறந்த வூடு கெடையாதுடா"ன்னேன். கண்ணு இருட்டிக்கினு வருது. பெரியநாயகி அரிவாமணைய எடுத்து ஈரம் தொடச்சிக்கினே என்னப் பாக்கறா.

அப்பதான் பக்கத்து பிளாக்குலேருந்து ஒருத்தி தூக்குல கோழிச்சாறு எடுத்துக்கினு வந்தா. பேரு செல்லக்கிளி, மதுரைப் பக்கம். "எங்க மாமியாளுக்கும் இதே காய்ச்சல்தேன் பெரியம்மா. இங்கிட்டும் ஒருத்தவுக படுத்துக் கெடக்காகன்னு சொன்னாக, மனசு கேக்கல"ன்னா. ஒறவு இல்லாத அசல் சனம் குடுத்தா அது கடனில்ல, தருமம். வாங்கிக் குடிச்சேன். மொளகும் சீரகமும் தட்டிப் போட்டு, நல்லெண்ண மெதக்க, நாக்குக்கு அப்பதான் உசுரு வந்துச்சு. "கோழி ஏதுடி மகளே?"ன்னு கேட்டேன்.

"அது பெரிய கூத்து. விடியக்காலம் ஒருத்தன் ஓடியாந்து, 'ஆயாவுக்கு ஊர்லேருந்து வந்த கோழி, ஷிப்டுக்கு பஸ்ஸு போயிடும்'னு வாசல்ல போட்டுட்டு ஓடிட்டான். எங்க மாமியாளும் ஆயாதான, யாரோ மகராசன் அனுப்பிருக்கான்னு அறுத்துட்டோம். இந்தா, கால்ல கட்டியிருந்த துணிகூட இருக்கு. தூக்குக்குப் பிடிதுணியாக்கிட்டேன்."

அந்தத் துணியப் பாத்தேன். பச்சையில அரக்குக் கரை, நம்ம வூட்டுல கண்ட துணி. நம்மூர்லேருந்து இங்க ஷிப்டுக்கு வர்ற தனகோட்டிகிட்ட நீ குடுத்தனுப்பினதும், அவன் நம்பரப் பாத்துட்டு பிளாக்கப் பாக்காம போட்டதும் எனக்கு வெளங்கிப்போச்சு. "அடியே பெரியநாயகி! பாத்தியா, இது என் பொறந்த வூட்டுக் கோழி! வழி தப்பினாலும் என் வாய்க்குத்தான் வந்து சேந்துச்சு"ன்னேன். கட்டில்லேருந்து எழுந்தே நின்னுட்டேன். செல்லக்கிளி பயந்துட்டா.

பெரியநாயகி துணிய வாங்கி வெளிச்சத்துல பிரிச்சா. மெல்லமாத்தான் கேட்டா: "ஏன் சம்பந்தியம்மா, இது போன பொங்கலுக்கு நீங்க ஆசையா ஒங்க தம்பி பொண்டாட்டிக்கு நாத்தனார் சீரா எடுத்துக் குடுத்த பொடவ இல்ல? அதக் கிழிச்சா கோழி காலக் கட்டினாங்க?"

நான் படுத்துக்கினேன்.

ஆனாலும் தம்பி, எனக்கு இப்போது யார் மேலும் வருத்தமில்லை. புடவை என்றால் கிழியும், கோழி என்றால் கட்டத்தான் வேண்டும். இனி எனக்குக் கறியும் வேண்டாம், கோழியும் வேண்டாம். மருமகள் கையால் ஊற்றுகிற கஞ்சியே போதும். நீ வேலையை விட்டு வந்து அலைய வேண்டாம். உன் கொல்லையில் முந்திரி காய்த்துக் குலுங்கி, தொழுவம் நிறைந்து, பிள்ளைகள் நோய் நொடி இல்லாமல் இருக்க நம் குலசாமியை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா சாமியம்மாள்

பி.கு: புதன்கிழமைக்குள்ள ரெண்டு கோழி கொண்டு வா. நீயே வா. கயித்துல கட்டு. நேரா செல்லக்கிளி வூட்டுல குடு, அம்சவல்லி கைக்குப் போனா அதுவும் கஞ்சியாயிடும். தனகோட்டியத் திட்டாத, எல்லா பிளாக்கையும் ஒரே அச்சுல கட்டிவெச்சா அவன் என்ன பண்ணுவான். பெரியநாயகியக்கூட மன்னிச்சுட்டேன், கண்ணு இருக்கறவ பாக்கத்தான் செய்வா. இந்தக் கடுதாசியச் சத்தமாப் படி, அடுப்படி வரைக்கும் கேக்கணும். என் கட்ட வேகற வரைக்கும் நான் மன்னிக்க மாட்டேன், ஆதிலட்சுமிய.