உப்புத்தாள் அண்ணன் தேய்த்த படிகம்

உலகத்தில் எதையும் அதன் பளபளப்பை வைத்து நம்பாத ஒரே மனிதர் எங்கள் உப்புத்தாள் அண்ணன்தான். சட்டைப்பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, நாலாக மடித்த உப்புத்தாள் துண்டு ஒன்று இருக்கும். எதைப் பார்த்தாலும் ஓரத்தில் ஓர் இழுப்பு இழுத்து, உள்ளே என்ன என்று தெரிந்துகொண்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

அணுபுரத்துப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் முனைவர் பட்டத்துக்குத் திண்டாடிக்கொண்டிருந்தேன். அங்கே கருவிகளைக் குளிர்விக்கத் திரவ ஹீலியம் ஊற்றுவது அவர் வேலை. மதுராந்தகத்திலிருந்து பஸ்ஸில் வருவார். உண்மையான பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும் தெரியும்.

ஒரு நண்பரின் கல்யாணத்தில், பரிசாக வந்த குத்துவிளக்கின் அடியைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, இரும்புக்கு மேலே பித்தளை பூசியிருக்கிறான் என்று மாப்பிள்ளை காதில் சொன்னார். கொடுத்த தாய்மாமன் பக்கத்திலேயே நின்றிருந்தார். மாமல்லபுரத்தில் ஒரு கடையில் கருங்கல் யானையின் வாலைத் தேய்த்து, மாவுக்கல்லுக்குக் கறுப்புச் சாயம் என்று வாங்க வந்தவர்கள் முன்னாலேயே தீர்ப்புச் சொன்னார். அதற்கப்புறம் அவர் தலை தெரிந்தாலே அந்தக் கடைக்காரர் சாப்பிடப் போய்விடுவார்.

என் ஆராய்ச்சி கோண்டோ இன்சுலேட்டர் என்ற வகையைச் சேர்ந்த ஒரு படிகத்தைப் பற்றியது. சாதாரண வெப்பநிலையில் அது சுமாராக மின்சாரம் கடத்தும். குளிரக் குளிரக் கடத்த மறுக்கும். மின்தடை ஏறிக்கொண்டே போக வேண்டும். என் படிகமும் சமர்த்தாக ஏறியது. நாலு கெல்வின், அதாவது மைனஸ் 269 டிகிரி பக்கம் போனதும் ஏறுவதை நிறுத்திவிட்டுப் படுத்துக்கொண்டது. எத்தனை முறை அளந்தாலும் அதே படுக்கைக்கோடு.

என் வழிகாட்டிப் பேராசிரியை அதை நம்பவில்லை. தெர்மாமீட்டர்தான் குளிர்கிறது, படிகம் குளிரவில்லை என்றார். பத்து நாளில் ஆய்வுக்குழு கூடும். அதற்குள் காரணம் காட்டாவிட்டால் வேறு பொருளில் முதலிலிருந்து தொடங்கு என்றும் சொல்லிவிட்டார். இரண்டு வருட உழைப்பு. இருந்ததோ மிளகளவு ஒரே ஒரு நல்ல படிகம்.

இந்தத் துக்கத்தை நான் அண்ணனிடம் சொன்னது என் தப்பு. டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். படிகத்தைக் கருவியின் பீடத்திலிருந்து கழற்றி, உப்புத்தாளில் பொறுமையாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். பாதிதான் மிச்சம்.

ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். என்ன அண்ணே செய்தீர்கள் என்று கத்தினேன்.

"இன்னாத்துக்கு மூஞ்சி இப்டி போவுது? முதுவுல தான் தேச்சிகினு கீறேன். முன்னாடி ஒட்டிகீற ஒயரு நாலும் அப்டியே தான் கீது," என்றார். "உள்ள ஒண்ணும் இல்லாம மேல மட்டும் பூசிகினு கீதோ இன்னாவோ. மறுக்கா அளந்து பாரு."

அவரை அடிக்கத்தான் தோன்றியது. ஆனால் வேறு வழியும் இல்லை. அளந்தேன்.

சாதாரண வெப்பநிலையில் மின்தடை இரண்டு மடங்காகியிருந்தது. பொருள் பாதியானால் அப்படித்தான் ஆக வேண்டும். அவர் ஹீலியம் ஊற்ற ஊற்றப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு கெல்வினுக்குக் கீழே கோடு பழைய இடத்திலேயே வந்து படுத்தது. பாதிப் படிகம் போயும் ஒரு மயிரிழை மாறவில்லை. தெர்மாமீட்டர் பொய் சொல்லவில்லை. படிகத்தின் உள்ளே முழுக்க அடைத்துக்கொண்டுவிட்டது; மின்சாரம் மேல்தோலில் மட்டும் ஓடுகிறது. ஒயர்கள் ஒட்டிய முன்பக்கத் தோல் இருக்கும்வரை உள்ளே எவ்வளவு தேய்ந்தாலும் அதற்குக் கவலையில்லை.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பேராசிரியை மூன்று முறை அளக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, யோசனை யாருடையது என்று கேட்டார். சொன்னேன். நேரே ஹீலியம் அறைக்குப் போய் அவருக்குக் கை கொடுத்தார். அண்ணன் அந்த அம்மாளின் மோதிரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'படிகத்தின் தடிமன் திட்டமிட்டுக் குறைக்கப்பட்டது' என்று ஆய்வேட்டில் எழுதினோம். திட்டமிட்டது யார் என்பதை நன்றியுரையில், அவருடைய சொந்தப் பெயரோடு எழுதினேன்.

முதல் பிரதியை அவரிடம் கொடுத்தேன். வாங்கிய கையோடு அட்டையில் தங்க எழுத்தில் இருந்த என் பெயரை ஓர் இழுப்பு இழுத்தார். பாதிப் பெயர் போய்விட்டது. "முலாம் தான்," என்றார். பிறகு பக்கத்தைப் புரட்டித் தன் பெயரைக் கண்டுபிடித்தார். விரலை வைத்து இரண்டு தடவை படித்தார்.

"இத்த உரச வேணாம் தம்பி," என்று சொல்லி, உப்புத்தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

இப்போது ஆராய்ச்சியை விட்டுவிட்டுச் சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். என் எழுத்தை அப்படி உரசாமல் நம்பியவர் அவருக்குப் பிறகு எனக்கு யாரும் வாய்க்கவில்லை.