இராயப்பனின் ஏரி நத்தைகள்

வாசகர்களே, மனிதர்களில் கல்காட்டி என்று ஒரு வகை உண்டு. ஒரே ஓர் அரிய பொருளை வீட்டில் வைத்துக்கொண்டு, வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர்களையெல்லாம் அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறவர்கள். பொருள் எதுவாகவும் இருக்கலாம். பினாங்குத் தீவின் ஜெலுத்தோங் அடுக்குமாடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற குமாஸ்தா இராயப்பனுக்கு வாய்த்தது நத்தைக் கல்.

எப்போதோ சுற்றுலா போன இடத்தில் வாங்கி வந்த பாறைத் துண்டு அது. ஆதிகாலத்து ஏரி ஒன்று வற்றி, சேறு பாறையாக இறுகி, அதில் ஊர்ந்த நன்னீர் நத்தைகளும் கூடவே கல்லாகிப்போயினவாம். கேட்டால்தான் சொல்வார் என்று நினைக்காதீர்கள். மழை வருமா என்று கேட்டாலும் இதைத்தான் சொல்வார். பாலத்தில் வாகன ஜேம் என்று யாராவது அலுத்துக்கொண்டால், "அந்த நத்தைங்க எங்க அவசரப்பட்டுச்சு?" என்று ஆரம்பித்துவிடுவார். போன கிறிஸ்துமஸுக்கு இரண்டு கோடி வருடமாக இருந்த நத்தைகளின் வயது இந்தக் கிறிஸ்துமஸுக்கு மூன்று கோடி ஆகிவிட்டது. தலைக்குச் சாயம் பூசித் தன் வயதில் குறைத்ததையெல்லாம் நத்தைகளின் தலையில் கட்டினாரோ என்னவோ.

கடல் நத்தை என்றால் அவருக்கு இளக்காரம். "அது யாருக்கும் கிடைக்கும்லா. இது ஏரி நத்தை." சுற்றிலும் கடல் உள்ள தீவில் இருந்துகொண்டு இப்படிப் பேசத் தனித் துணிச்சல் வேண்டும்.

யார் வந்தாலும் சாப்பாடு உண்டு என்கிற கிறிஸ்துமஸ் திறந்த இல்ல உபசரிப்புக்கு இந்த வருடம் மகள் மோனிக்கா தன் தோழி மோகனாவை அழைத்து வந்தாள். மோகனா பல்கலைக்கழகத்தில் பாறைகளைப் பற்றிப் பாடம் எடுப்பவள். அது தெரிந்ததும் இராயப்பன் வாழ்க்கையில் முதல்முறையாகக் கல்லைக் காட்டத் தயங்கினார். எவனோ சிமெண்டில் செய்து தலையில் கட்டியிருந்தால்? இத்தனை வருடப் பேச்சும் என்னாவது? பக்கத்து வீட்டுத் தயாளன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். இந்த ஒரு நாளுக்காகவே அவர் அத்தனை கிறிஸ்துமஸும் வந்து போனவர்.

மோகனா பூதக்கண்ணாடியை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒரிஜினல்தான் அங்கிள். ஏரிப் பாறைதான். எல்லாம் நன்னீர் நத்தைங்க."

"கேட்டுக்குங்க தயாளன்," என்றார் இராயப்பன்.

"ஆனா இந்தக் குழியில இருக்கிறது மட்டும்..." மோகனா நகத்தால் நெம்பி ஒரு சின்ன ஓட்டுத் துணுக்கை எடுத்தாள். "இது ஏரி நத்தை இல்ல. பழசும் இல்ல. நேத்து உடைஞ்சதா இருக்கும்."

எல்லாக் கண்களும் சாப்பாட்டு மேசைக்குப் போயின. அங்கே தேங்காய்ப்பால் குழம்பில் ஒரு சட்டி நிறைய சிப்புட் நத்தை. வால்நுனியைத் தட்டி உடைத்துச் சமைத்தால்தான் அதை உறிஞ்சித் தின்ன முடியும் என்பது பினாங்கில் எல்லாருக்கும் தெரியும்.

மனைவி அன்னமேரி கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "வேற எதுல வச்சித் தட்டுறது? இதுதான் கனமா, ஆடாம இருக்கு. நீங்க சர்ச்சுக்குக் குவாயர் பிராக்டிஸ் போனதும் எடுப்பேன். கழுவித்தான் வைக்கிறேன்லா, வருஷா வருஷம்."

தயாளனுக்கு மூக்கு வழியாகச் சர்பத் வந்தது. இராயப்பன் பாவம், அவமானத்தில் சிவந்துபோய், கல்லை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவது என்றே முடிவு செய்துவிட்டார். அந்த நேரம் பார்த்து வாசலில் அடுத்த விருந்தாளிகள் செருப்பைக் கழற்றினார்கள். மனுஷன் எவ்வளவு நேரம்தான் அடக்குவார்?

"வாங்க, வாங்க. மூணு கோடி வருஷத்து நத்தையும் நேத்து பசார்ல வாங்குன நத்தையும் ஒரே கல்லுல. உலகத்துல வேற எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

சிரித்தாயிற்றா? நல்லது. உங்கள் வீட்டில் கல் இல்லை என்கிறீர்கள். மகன் போட்டியில் ஜெயித்து வாங்கிய கோப்பை? உங்கள் இதய அறுவை சிகிச்சைக் கதை? நீங்கள் அதைத் தொடங்கியதும் உங்கள் வீட்டார் எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறார்களா? எதற்கும் ஒருமுறை எட்டிப் பாருங்கள், அங்கே எதை வைத்து எதைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று.