மாப்பிள்ளை கொண்டுபோன விண்கல்

புதிதாகப் பட்டம் வாங்கியவன் கையில் காந்தத்தைக் கொடுக்கக் கூடாது. எனக்கு யாரும் கொடுக்கவில்லை. நானே வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். (பெண் பார்க்கப் போகும்போதுகூட!)

சுதந்திரம் கிடைத்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். நிலவியல் படித்து முடித்துக் கோட்டாற்றுக்குத் திரும்பியிருந்தேன். கருங்கல் ஊர்ப் பக்கத்துப் பெண் பகவதியைத் திருவிழாவில் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. அவள் அப்பாவுக்குத்தான் சந்தேகம்: “கல்லைப் படிச்சவன் என்னத்தக் கிழிப்பான்?”

காட்டிவிடுகிறேன் என்று கிளம்பினேன். அவர்கள் ஊர்க் கோயிலுக்குப் பின்னால் ஒரு பள்ளம் கண்ணில் பட்டது. நல்ல வட்டம். விளிம்பைச் சுற்றி மண் வாரி இறைத்ததுபோல் கிடந்தது. அடியில் பாறை விரிசல் விட்டுக் கருகியிருந்தது. காந்தத்தை நீட்டினேன். டக்கென்று ஓர் இரும்புத் துண்டு ஒட்டிக்கொண்டது. கூட வந்த அம்மா, “ஏலே, வேட்டி அழுக்காவுது!” என்று கத்தியது காதில் ஏறவே இல்லை.

பெண் வீட்டில் பழத்தட்டின் நடுவே அந்தத் துண்டை வைத்தேன்.

“விண்கல்! விழுந்து பதினாயிரம் வருஷமாவது இருக்கும். மழையும் காத்தும் தடத்தை அழிச்சிரும். ஆனா நாங்க விடமாட்டோம். வட்டப் பள்ளம், எழும்பின விளிம்பு, நொறுங்கின பாறை, இரும்பு, எல்லாம் இருக்கு. இரும்புல நிக்கல் இருக்கான்னு மட்டும் பாக்கணும். அது சும்மா பேருக்கு!”

பகவதியின் அப்பா துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, இது நம்ம கதினால்லா! போன மாசம் கோயில் கொடைத் திருவிழாவுல பொட்டிச் செதறிச்சு. மருந்து நெறச்சது நானாக்கும். அப்பம் நான் என்ன, நட்சத்திரமா?”

(கதினா என்பது வெடிமருந்து திணித்துக் கோயிலில் வெடிக்கும் இரும்புக் குழாய். பிறந்ததிலிருந்து அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம்தான். ஆனால் எப்போதும் காதைப் பொத்திக்கொண்டு தூரத்தில் நின்றவன், பக்கத்தில் எங்கே பார்த்தேன்?)

கதவுக்குப் பின்னாலிருந்து பகவதியின் சிரிப்பு. “நிக்கல் பாத்துட்டுல்லா பேசணும்?”

போச்சு, பகவதி கையைவிட்டுப் போயே போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

“மேல இருந்து விழுந்ததா, கீழ இருந்து வெடிச்சதாங்கிறதுலதான் சின்னப் பிசகு. பெரிய வெடிப்புன்னு சொன்னது சரிதானே?”

அவருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “இவன் எங்கயும் தோக்கமாட்டான். ஏட்டி, சம்மதமா?”

“சம்மதம். காந்தத்த மட்டும் நான் வச்சுக்கிடுவேன்.”

இன்றும் அது அவள் தையல் பெட்டியில்தான் இருக்கிறது, தரையில் சிந்திய ஊசி பொறுக்க. போன வாரம், மழை வரவே வராது என்று அடித்துச் சொன்னேன். பேத்தி குடையை எடுத்துக்கொண்டே கேட்டாள்: “தாத்தா, நிக்கல் பாத்தாச்சா?”

(நனைந்து வந்தது நான் மட்டும்தான்.)