மேனேஜரை மலையிலிருந்து தள்ளிவிட்ட ஊர்சுத்தி அண்ணை

ஒஸ்லோவைக் கட்டியவர்களுக்குக்கூட அந்த ஊர் ஊர்சுத்தி அண்ணைக்குத் தெரிந்த அளவு தெரிந்திருக்காது. யாழ்ப்பாணத்துக்காரர். ஸ்டோவ்னர் அடுக்குமாடியில் எனக்குப் பக்கத்து வீடு. பல்செட் செய்யும் கூடத்தில் வேலை. மிச்ச நேரமெல்லாம் ஊர் சுற்றல். 2008இல் சென்னைக் கம்பெனி என்னை அங்கே அனுப்பியபோது, முதல் வேலையாக அண்ணை என் கையிலிருந்த சுற்றுலா வரைபடத்தைப் பிடுங்கி, ஆடிக்கொண்டிருந்த தன் சாப்பாட்டு மேசையின் காலுக்கடியில் சொருகினார்.

"அண்ணா, அரண்மனை பார்க்கணும்."

"ராசா இருக்கிற வீட்டைப் பாத்து என்ன செய்யப்போறீர்? அவர் உம்மடை வீட்டை வந்து பாத்தவரோ?"

அரண்மனை அத்தோடு போயிற்று.

அந்த ஆண்டுதான் திறந்திருந்த ஒபரா மாளிகைக்குக் கூட்டிப்போனார். டிக்கெட் வாங்க நடந்தவனைக் காலரைப் பிடித்து இழுத்தார். "பாட்டுக் கேக்க ஆர் வந்தது? கூரையிலை ஏறத்தானே வந்தனாங்கள்!" கடல்வரை சரிந்து இறங்கும் அந்த வெள்ளைக் கூரையில் பாதி நகரம் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்து புட்டும் சம்பலும் பரிமாறினார். பக்கத்தில் கப்பல்களை வரைந்துகொண்டிருந்த பெண்ணுக்கும் ஒரு கவளம். அவள் காரத்தில் வந்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் கேட்டாள்.

குளிர்காலத்தில் எங்கள் மேனேஜர் வந்தார். நான் ஒஸ்லோவில் தொடர்வதா, மூட்டை கட்டுவதா என்று முடிவு செய்ய வந்தவர். தன் கல்யாண ஆல்பத்திலேயே முறைத்துக்கொண்டிருக்கும் மனிதர். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஊர் காட்ட நான் வாடகைக் கார் பேசிவைத்திருந்தேன். ஹோட்டல் வாசலில் அண்ணை, தோளில் மூன்று பனிச்சறுக்கு வண்டிகளோடு நின்றார். காரைத் திருப்பி அனுப்பியாகிவிட்டதாம்.

"கார் டூரிஸ்டுகளுக்கு, சேர். வாங்கோ, ட்ரெயின் வந்திடும்."

மலையுச்சியில் கடைசி ஸ்டேஷனில் இறங்கினோம். கோட்டும் டையுமாக நின்ற மேனேஜர், "இது எந்த மியூசியம்?" என்றார்.

"இதிலை இருங்கோ சேர். வடிவாப் பிடியுங்கோ."

தள்ளியேவிட்டார்! டை பறக்க, "அய்யோ" என்ற ஓலத்தோடு என் உத்தியோகம் வளைவில் திரும்பி மறைந்தது. நான் உருண்டும் புரண்டும் பின்னாலேயே போனேன். அடிவாரத்தில் மேனேஜர் பனிக்குள் உட்கார்ந்திருந்தார். மீசை முழுக்க வெள்ளை. கண்ணாடியைக் காணோம்.

"யார் என்னைத் தள்ளினது?"

"நான்தான் சேர்," என்றார் அண்ணை, கொஞ்சமும் அசராமல்.

"இன்னொரு தடவை தள்ளுவீங்களா?"

அன்று முழுக்க ரயிலில் ஏறுவதும் சறுக்கி இறங்குவதும்தான். நார்வேக் குழந்தைகளை "ஓரம் போ! ஓரம் போ!" என்று தமிழில் விரட்டி, முந்திக்கொண்டு பாய்ந்தார் மேனேஜர். குழந்தைகள் பயந்து வழிவிட்டன. கடைசிச் சுற்றில் கைகளை உயரத் தூக்கிக்கொண்டு வந்தபோது, அடிவாரத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

சூடான சாக்லேட்டை உறிஞ்சியபடி என் தோளில் ஓங்கித் தட்டினார். "நீ இங்கேயே இருய்யா. அடுத்த குளிருக்கு நான் வரணும்ல!"

இப்போது நான் சென்னையில். "ஒஸ்லோவில் உங்களுக்குச் சொந்தக்காரர் யாராவது உண்டா?" என்று கேட்பவர்களிடம், யோசிக்காமல் சொல்லிவிடுகிறேன்: "ஓம், ஒரு அண்ணை இருக்கிறார்."