பதினொரு நிமிட அயர்லாந்துக்காரரும் என் நாற்பத்தேழு ஓட்டங்களும்

தேரா, துபாய்

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் மதுசூதனன் அவர்களுக்கு,

தங்கள் தங்கையைக் கைப்பிடித்த மார்க்கண்டு பணிவுடன் எழுதுவது. தங்கள் வீட்டில் எல்லாரும், பின்வளவில் நிற்கும் ஆடுகள் உட்பட, ஒரு குறையுமின்றி இருக்க நல்லூரான் துணை நிற்பாராக. இங்கே நானும் சுகந்தாவும் தங்கள் மருமகள் மேனுஜாவும் உடலளவில் சுகம். மனதளவில் அவர்கள் இருவரும் மட்டும் சுகம்.

வாட்ஸ்அப் இருக்க இந்த மனிதன் ஏன் கடதாசியில் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். என்னுடைய போனைத் திறக்கும் இலக்கம் என்னை விட மேனுஜாவுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆகவே எங்கள் அலுவலகத்தில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்துத் தம்பி சாகிர் லீவில் வரும்போது அவர் கையில் இதைத் தந்துவிடுகிறேன். வாசித்து முடிந்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். அடுப்பு காஸ் என்றால் ஆட்டுக்குப் போடுங்கள்.

மச்சான், சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். எனக்கு ஒருவன் மேல் பொறாமை. சாதாரணப் பொறாமை இல்லை, சாப்பிட்டது செமிக்காத பொறாமை. அவன் பெயர் டெக்லன். அயர்லாந்துக்காரன், முப்பத்தெட்டு வயது, ஆறடி இரண்டங்குலம், எங்கள் கம்பனியில் சைட் பாதுகாப்பு அதிகாரி, தலைக்கவசம் போடாதவனைக் கண்டால் இரண்டு மாடிக்குக் கேட்கிற மாதிரிக் கத்துவான். அவனுடைய ஊரில் ஹர்லிங் என்றொரு விளையாட்டு. ஹொக்கி மாதிரித் தொடங்கும், பிறகு பந்து நிலத்துக்கே வராது. மட்டையின் நுனியில் பந்தை வைத்துக்கொண்டு ஓடுவார்கள், காற்றில் போட்டு அடிப்பார்கள், கம்பத்துக்கு மேலால் போனால் ஒரு புள்ளி, வலைக்குள் போனால் மூன்று. போன வருடம் கம்பனிக் குடும்ப விளையாட்டு விழாவில் இவன் பிள்ளைகளுக்கு மட்டையைக் கொடுத்து அடிக்கச் சொன்னான். மேனுஜா முதல் அடியிலேயே பந்தைக் கம்பத்துக்கு மேலால் அனுப்பிவிட்டாள். அடுத்த வாரமே அவன் பயிற்சி கொடுக்கும் ஹர்லிங் கழகத்திலும் சேர்ந்துவிட்டாள். அன்று போன பந்து, மச்சான், என்னுடைய வீட்டில் இருந்த என்னுடைய இடத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

அதுவரை இந்த வீட்டில் ஒரே ஒரு விளையாட்டு வீரன்தான் இருந்தான். நாற்பத்தேழு ஓட்டங்கள். பள்ளிக்கூடத்துப் பெரிய கிரிக்கெட் மட்ச், கடைசி நாள், எரிக்கும் வெயில், எதிரே ஆறடிப் பந்து வீச்சாளன், மார்க்கண்டு நாற்பத்தேழு. மேனுஜாவின் ஒவ்வொரு பிறந்தநாளிலும் கேக் வெட்டிய பிறகு இதைச் சொல்வேன். குழந்தையாக இருக்கும்போது அவள் நாற்பத்தேழு வரை எண்ணிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்வாள். இப்போதோ சாப்பாட்டு மேசையில் டெக்லன் அப்படிச் சொன்னார், டெக்லன் இப்படிச் சொன்னார், டெக்லன் விடிய எழும்பி மாடு கறந்து போட்டுத்தான் பயிற்சிக்குப் போனவராம். நான் ஒருநாள் பொறுக்க முடியாமல், "நானும்தான் விடிய எழும்பிப் போனனான்" என்றேன். "ஆனா அப்பா, மாடு?" என்று கேட்டாள். மாட்டுக்கு நான் எங்கே போக?

தங்கள் தங்கை அதற்கு மேல். அவளுக்கு அவன் டெக்லன் இல்லை, "டெக்லன் தம்பி". எனக்கு மீன் கட்லட் இரண்டு, தம்பிக்கு டப்பாவில் ஆறு. "பாவம், தனிய இருக்கிற பொடியன்" என்கிறாள். நானும் முன்பு மங்காஃபில் வேலைக்குப் போய் நாலு வருடம் தனியே இருந்து பாணும் பருப்பும் சாப்பிட்டவன், எனக்கு எந்தச் சுகந்தா கட்லட் அனுப்பினாள்? இந்தத் தம்பிக்குக் கிரிக்கெட் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. "தேநீர் குடித்த பிறகுதானே ஆட்டம் தொடங்கும்?" என்று என்னிடமே கேட்டான். அவ்வளவு அறிவு. அவன் மேனுஜாவுக்குத் தன்னுடைய பழைய மட்டை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தான், தன் மாவட்ட அணியில் இருந்தபோது வைத்திருந்ததாம், அவனுடைய அப்பா தன் காணியில் நின்ற மரத்தை வெட்டிச் செய்வித்ததாம். அதை என் மகள் கட்டிலுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்துப் படுக்கிறாள்.

இனிமேல் சொல்லப்போவதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை சுகந்தா நாலு குடும்பத்தைக் கூப்பிட்டு ஒடியல் கூழ் காய்ச்சினாள். நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்ட பெரிய சட்டி, அகப்பை அடி வரை எட்டவில்லை. குசினியிலிருந்து, "இஞ்சாருங்கோ, பல்கனியில ஒரு துடுப்புக் கிடக்கு, கழுவித் தாங்கோ" என்றாள். பல்கனியில் கிடந்தது துடுப்பு இல்லை, மேனுஜா காய வைத்த மட்டை. அது எனக்குத் தெரியும் மச்சான். தெரிந்துதான் நன்றாகக் கழுவி, துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தேன். அவனுடைய அப்பாவின் மரம் ஒன்றரை மணித்தியாலம் எங்கள் கூழுக்குள் சுழன்றது. விருந்துக்கு வந்த டெக்லன் குசினிக்குள் எட்டிப் பார்த்தான். மேனுஜா, "அப்பா! ஓ மை கோட்!" என்று அலறினாள். நான் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி நின்று, இப்போது வெடிப்பான், இப்போது வெடிப்பான் என்று பார்த்தேன். அவன் மட்டையைத் தூக்கி, நுனியில் சுற்றி அடித்த தகரத்தில் ஒட்டியிருந்த கூழை விரலால் வழித்து நக்கிவிட்டு, "ஒன்பது வருடத்தில் இந்த மட்டை இன்றைக்குத்தான் உருப்படியாக வேலை செய்திருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தான். பிறகு மூன்று கோப்பை குடித்தான். சுகந்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கலங்கியது, உறைப்பால் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆனால் அந்தச் சொல் என் காதில் நின்றுவிட்டது. ஒன்பது வருடம் மட்டைக்கு ஏன் வேலை இல்லை? நான் பத்தொன்பது வருடமாக டொக்கியுமென்ட் கண்ட்ரோலர், ஒரு வரைபடத்தில் முத்திரை கோணலாக விழுந்திருந்தாலே திருப்பி அனுப்புகிறவன். அவனுடைய பெயரை இணையத்தில் போட்டுத் தேடினேன். அவனுடைய ஊர்ப் பத்திரிகையில் ஒவ்வொரு வருடமும் அணியின் பட்டியல் இருந்தது. ஹர்லிங்கில், மச்சான், பதினைந்து பேர் ஆடுவார்கள். ஒன்று முதல் பதினைந்து வரை இலக்கம் போட்டவர்கள் மைதானத்தில், அதற்கு மேல் இலக்கம் உள்ளவர்கள் வெளியே வாங்கில் குந்தியிருப்பார்கள். நம்முடைய டெக்லன் தம்பிக்கு எந்த இலக்கம்? இருபத்துநாலு! முதல் வருடமும் இருபத்துநாலு, ஒன்பதாம் வருடமும் இருபத்துநாலு! ஒன்பது வருடத்தில் ஆள் மைதானத்துக்குள் இறங்கியது ஒரே ஒரு தடவை, பதினொரு நிமிடம். அன்று இரவு நான் குழந்தை மாதிரி நித்திரை கொண்டேன். மறுநாள் அலுவலகத்தில் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து, முகப்புத் தாள் வைத்து, முறைப்படி இலக்கமிட்டு ஒரு ஃபைல் கட்டினேன்.

போன வாரம் அவர்களுடைய கழகத்தின் பருவ முடிவுக் கூட்டம். பிள்ளைகள், பெற்றோர் நிறைந்த மண்டபம். டெக்லன் தன் ஆட்ட வாழ்க்கையைப் பற்றிப் பேசினான். கேள்வி நேரம் வந்ததும் நான் ஃபைலோடு எழும்பினேன். மேனுஜா கையைப் பிடித்து, "அப்பா ப்ளீஸ், எம்பரஸ் பண்ணாதேங்கோ" என்றாள். நான் விடவில்லை. "உங்கள் மாவட்டத்துக்காக நீங்கள் மொத்தம் எத்தனை நிமிடம் ஆடியிருக்கிறீர்கள்?" என்று சபை நடுவே கேட்டேன்.

"பதினொன்று," என்றான் அவன், பெருமையாக! "நடுவர் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார், பன்னிரண்டு என்றும் சொல்லலாம்." மண்டபமே சிரித்தது. பிறகு அந்தப் பதினொரு நிமிடத்தையும் இருபது நிமிடம் சொன்னான். முன்னால் நின்றவனுக்கு விரல் முறிந்ததால் இவனை இறக்கினார்களாம், முதல் பந்து இவனுடைய தலைக்கவசத்தில் பட்டதாம், இரண்டாவது பந்தைத் தூர அடித்துத் தேநீர்க் கடைக் கண்ணாடியை உடைத்தானாம், மூன்றாவது பந்து வரவேயில்லையாம். அங்கே யாருக்கும் சம்பளம் இல்லை, பிறந்த ஊருக்குத்தான் ஆட வேண்டும், நம்முடைய ஊர்க் கழகங்கள் மாதிரி. அவனுடைய அம்மா ஒன்பது வருடமும் ஒரே இருக்கையில் வந்து இருந்தாராம், ஒருவேளை இன்றைக்கு இறக்குவார்களோ என்று. அதைக் கேட்டு நாலு தாய்மார் மூக்கைச் சீறினார்கள், அதில் ஒருவர் தங்கள் தங்கை. என் ஃபைலை நான் கதிரைக்கு அடியில் வைத்தேன்.

அதோடு விட்டானா? "நான் வெறும் பதினொரு நிமிடம். இங்கே உண்மையான வீரர் ஒருவர் இருக்கிறார், பெரிய மட்சில் நாற்பத்தேழு, மேனுஜா சொன்னாள்" என்று என்னை மேடைக்கு இழுத்தான். ஏறினேன். வாயைத் திறந்தேன். அந்தக் கைதட்டலுக்கு நாற்பத்தேழு போதாது போலிருந்தது மச்சான், ஐம்பத்திரண்டு என்று வந்துவிட்டது. மேனுஜா மட்டும் விரலை மடித்து எண்ணினாள். வீட்டுக்கு வரும் வழியில், அப்பாவின் ஆட்ட வாழ்க்கையைக் கழகத்துக்கு எழுதித் தருவதாக டெக்லனிடம் சொல்லியிருக்கிறாளாம், அதற்கு மாமாவை வீடியோவில் கூப்பிட்டுப் பேசப் போகிறாளாம், மாமாதானே அந்த மட்சுக்கு ஸ்கோர் எழுதினவர்.

இப்போது என் நிலை புரிகிறதா? அந்த மட்சில் நான் ஆடவேயில்லை, பன்னிரண்டாவது ஆளாகத் தண்ணீர் வாளியும் துவாயும் தூக்கினேன் என்பது உங்களுக்கும் எனக்கும் அந்த ஸ்கோர் கொப்பிக்கும் மட்டும்தான் தெரியும். நாற்பத்தேழை முதலில் சொன்னதும் நான் இல்லை. கலியாணப் பேச்சு நடந்த அன்று தங்கள் அம்மா, "பொடியன் ஒண்டும் பேசாமல் இருக்கிறான், என்னத்துக்கு உதவுவான்?" என்று முகம் சுளிக்க, "அம்மா, இவன் பெரிய மட்சில நாப்பத்தேழு அடிச்சவன்" என்று வாய் கூசாமல் சொன்னது தாங்கள்! நான் இருபத்திரண்டு வருடமாக அதைக் காப்பாற்றி வருகிறேன். ஆகவே தங்கள் கையைக் காலாக நினைத்துக் கேட்கிறேன், மேனுஜா கூப்பிட்டால் ஐம்பத்திரண்டு என்று சொல்லுங்கள். ஸ்கோர் கொப்பியில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள். ஒரு பிள்ளை தன் அப்பாவைப் பார்க்கிற பார்வை, மச்சான், அது ஒரு தடவை இறங்கினால் பிறகு ஏறாது. அதுவும் ஓர் இருபத்துநாலாம் இலக்கத்துக்கு முன்னால் இறங்கினால் நான் எப்படி உயிரோடு டியூட்டிக்குப் போவேன்?

தங்கள் குடும்பம் ஆல்போல் தழைக்கவும், ஆடுகள் இரட்டைக் குட்டி போடவும், தங்கள் வாய் ஐம்பத்திரண்டில் உறுதியாக நிற்கவும் பிரார்த்திக்கும்,

தங்கள் அன்பு மச்சான்
க. மார்க்கண்டு

பி.கு.: மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். சாகிர் வருவதற்குள், அண்ணாவுக்குத் தானும் ஒரு துண்டு எழுதி வைக்கலாம் என்று சுகந்தா உறையைத் திறந்து முழுவதையும் வாசித்துவிட்டாள். நான் கதவடியில் நின்று வேர்த்தேன். அவள் கடதாசியை மடித்துவிட்டு, "இஞ்சாருங்கோ, அந்த மட்சுக்கு நானும் வந்தனான். அண்ணாவுக்குச் சாப்பாடு கொண்டு வந்தனான்" என்றாள். நான் வாளியோடு எல்லைக் கயிற்றில் தடுக்கி விழுந்ததையும், தண்ணீர் முழுக்கக் கொட்டியதையும், எழும்பி வெறும் வாளியோடு நடுவுக்கு ஓடி வெறும் கோப்பையை நீட்டிவிட்டு, மட்டை பிடித்து நின்றவன் குடித்து முடிப்பான் என்று காத்து நின்றதையும் பார்த்தவளாம்! "பேந்து ஏன் என்னைக் கட்ட ஓமெண்டனீ?" என்று கேட்டேன். "அண்ணா நாப்பத்தேழு எண்டு சொல்ல, சிரிப்பு அடக்கேலாமல் தலையைக் குனிஞ்சன். அம்மா வெக்கமாக்கும் எண்டு நினைச்சு எல்லாத்தையும் முற்றாக்கிப்போட்டா" என்றாள். கடதாசியைத் திரும்ப உறைக்குள் வைத்துக்கொண்டு, "அண்டு முழுக்க ஓடித் திரிஞ்சது நீங்கள் ஒராள்தான். அதுவும் பாத்தனான்" என்றாள். மச்சான், இருபத்திரண்டு வருடத்தில் எனக்கு யாரும் இப்படி ஒரு புள்ளி போட்டதில்லை.

அந்த மகிழ்ச்சியில் நேரே பயிற்சி மைதானத்துக்குப் போய், மேனுஜாவையும் டெக்லனையும் வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்லிவிட்டேன். நாற்பத்தேழும் இல்லை, ஐம்பத்திரண்டும் இல்லை, நான் வெறும் பன்னிரண்டாவது ஆள் என்றேன். டெக்லன் தலைக்கவசத்தைக் கழற்றினான். "பன்னிரண்டா? பெரிய மட்சில் பன்னிரண்டாம் இலக்கமா? முதல் பதினைந்துக்குள்ளா? ஒன்பது வருடம் முயன்றும் எனக்கு இருபத்துநாலு குறையவில்லையே! உங்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது!" என்று என்னைக் கட்டிப்பிடித்து நிலத்திலிருந்து தூக்கிவிட்டான். கிரிக்கெட்டில் அது வேறு கணக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். மேனுஜா என் கையைக் கிள்ளி, "அப்பா, ஒண்டும் சொல்லாதேங்கோ" என்று தமிழிலேயே சொன்னாள்.

ஆகவே ஸ்கோர் கொப்பியைக் கிழிக்காதீர்கள். மேனுஜா கூப்பிட்டால் உள்ளதை உள்ளபடி, பன்னிரண்டாவது ஆள் என்றே சொல்லுங்கள். பக்கத்தில் டெக்லன் இருந்தால் மட்டும், அதற்கு மேல் ஒரு சொல்லும் விளக்க வேண்டாம்.