எட்டிப் பார்த்து மாதம் கேட்பவர்

"குழந்தையைப் பத்தடி தள்ளி நின்னு காட்டுங்க. பொறந்து எத்தனை மாசம்னு சொல்லிடறேன். ஒரு வாரம் கூடக்குறைய இருந்தா என் பேரை மாத்திக் கூப்பிடுங்க" என்று முழக்கோல் மாமா ஒருமுறை எங்கள் குடியிருப்பின் வாசலில் நின்று அறிவித்தார். பெயரை ஏற்கெனவே மாற்றித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம் என்பது அவருக்குத் தெரியாது.

மாமா தனி மனிதரல்ல, ஓர் இனம். அந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'மாதம் கேட்பவர்'. லிஃப்ட், பேருந்து, மருத்துவமனைக் காத்திருப்பறை ஆகிய இடங்களில் இது தாராளமாகக் காணக் கிடைக்கும். துண்டில் சுற்றிய எதைக் கண்டாலும் இதற்குக் கழுத்து அரையடி நீளும். உள்ளே இருப்பது ரொட்டியாகவே இருந்தாலும் கேட்டுவிடும்: "எத்தனை மாசம்?"

என்ன பதில் சொன்னாலும் தப்ப முடியாது. மூன்று என்றால், "மூணா?" ஐந்து என்றால், "அஞ்சா?" அவ்வளவுதான். மேலே ஒன்றும் சொல்லாது. பெற்றவளுக்கு ஒரு வாரத் தூக்கம் போக அது போதாதா?

நில அளவைத் துறையில் முப்பது வருடம் சங்கிலி பிடித்தவர் மாமா. ஓய்வு பெற்றபின் அளக்க நிலம் இல்லை, குழந்தைகளுக்கோ பஞ்சமில்லை. தலை நின்றதா, குப்புற விழுந்ததா, தவழ்கிறதா, பல் எட்டிப் பார்த்ததா என்று வரிசையாக விசாரித்து, எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' வந்தால் சற்றே சோர்ந்து, எங்காவது ஓர் 'இன்னும் இல்லை' சிக்கினால் முகம் மலர்ந்து, "எம் பொண்ணு ஏழாம் மாசமே நடந்துட்டா" என்று ஆணி அடிப்பார். இதே பெண், அவளுடைய கல்யாணத்தின்போது மாமா சொன்ன கணக்கில், பத்தாம் மாதத்தில்தான் நடந்திருந்தாள். வருடத்துக்கு ஒரு மாதம் குறைந்துகொண்டே வருகிறது. இன்னும் கொஞ்ச காலம் போனால் பிரசவ அறையிலிருந்து தானே நடந்து வீட்டுக்கு வந்திருப்பாள்.

"பதினஞ்சு மாசம் வரைக்கும் உக்காந்த இடத்துலயே தேஞ்சவ அவ" என்பார் மாமாவின் மனைவி.

"உனக்கு ஞாபகமில்ல."

"இடுப்புல சுமந்தது நானா, நீங்களா?"

மூன்றாம் மாடிப் பெண்ணின் குழந்தையைப் பார்த்து ஒருநாள், "மெலிஞ்சிருக்கே, தாய்ப்பால் பத்தலைபோல. சும்மா சொன்னேன்" என்றார். சும்மாவாம்! அன்று மாலையே அவள் பால்பவுடர் டின் வாங்கி வந்து, அதை வைத்துக்கொண்டு அழுதாள். மறுநாள் எடை பார்த்த டாக்டர், "நல்லாத்தானே ஏறியிருக்கு? பால் பத்தலைன்னு யாரு சொன்னா?" என்று கேட்டார். அவள் யாரைச் சொல்லுவாள்? அதன் பிறகு லிஃப்டை விட்டுவிட்டுக் குழந்தையும் கையுமாகப் படியிறங்கத் தொடங்கினாள். முதல் மாடிக்காரரான மாமா, படியைப் பார்த்த கதவைத் திறந்து வைத்துக்கொண்டார்.

இந்த நிலையில்தான், டாக்டர் குறித்த நாளுக்கு எட்டு வாரம் முன்பே மாமாவின் பேத்தி பிறந்துவிட்டாள். ஒன்றரைக் கிலோ. ஐந்து வாரம் கண்ணாடிப் பெட்டி. அந்த ஐந்து வாரமும் மாமா யாரையும் எதுவும் கேட்கவில்லை. வெளியே நாற்காலியில் உட்கார்ந்து தரையோடுகளை எண்ணினார்.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் விளக்கினார். "இவளுக்கு ரெண்டு கணக்கு சார். தடுப்பூசிக்குப் பொறந்த நாள்லேருந்து எண்ணுங்க. சிரிக்கறது, தலை நிக்கறது, குப்புற விழறது இதுக்கெல்லாம் டாக்டர் குறிச்ச நாள்லேருந்து எண்ணுங்க. ரெண்டு வயசு வரைக்கும் இப்படித்தான்."

"அப்போ உண்மையான வயசு எது?"

"ரெண்டுமேதான் சார்."

முப்பது வருட உத்தியோகத்தில் ஒரே மனைக்கு இரண்டு அளவு எழுத மாமா சம்மதித்ததே இல்லை.

மகளும் ஒரு நிபந்தனை போட்டாள். "அப்பா, உங்களை எனக்குத் தெரியும். இவளை இன்னொரு குழந்தையோட ஒரே ஒரு தடவை வச்சுப் பாத்தீங்கன்னா, அன்னிக்கே மாமியார் வீட்டுக்குக் கிளம்பிடுவேன். பேத்தியைப் போட்டோல பாத்துக்கங்க."

பேத்தி பிறந்து நாலு மாதம் ஆனபோது தடுப்பூசிக்கு அவர்களைக் காரில் கூட்டிப் போனேன். மகள் கவுன்டரில் படிவம் நிரப்பிக்கொண்டிருக்க, மாமா மடியில் பேத்தி. பக்கத்து நாற்காலியில் கொழுகொழுவென்று ஒரு பையன், ஏதோ பெரிய அதிகாரி ஆய்வுக்கு வந்ததைப்போலத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை வைத்திருந்தவருடைய கழுத்து மாமா பக்கம் அரையடி நீண்டது.

"எத்தனை மாசம்? இவனுக்கு நாலு. தலை எப்பவோ நின்னுடுச்சு."

நான் பின்வரிசையில் இருந்ததால் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. குரல் மட்டும் எங்கோ கேட்ட குரலாக இருந்தது. ஆமாம், இதைப் படிக்கும் நீங்கள் அன்றைக்கு எங்கே போயிருந்தீர்கள்? சும்மா கேட்டேன்.

கவுன்டரில் மகளின் பேனா நின்றது. மாமா குனிந்து பேத்தியைப் பார்த்தார்.

"சரியாத் தெரியலைங்க" என்று சொல்லிவிட்டு, ஆடிய அந்தச் சின்னத் தலைக்கு அடியில் உள்ளங்கையை இன்னும் கொஞ்சம் நகர்த்திக் கொடுத்தார்.