அறைக்காக யாரைப் பார்ப்பது?

டயகம,
1957 ஆவணி.

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் கணேசமூர்த்தி அவர்களுக்கு,

உங்கள் தங்கை பூரணியும் நானும் நலம். இப்போது ஒழுகாத கூரையின் கீழ் இருந்து இதை எழுதுகிறேன். அங்கே இறம்பொடையில் மழையும் உங்கள் முழங்கால் வலியும் சேர்ந்து குறைந்திருக்கும் என நம்புகிறோம்.

ஓய்வு பெற்றவருக்குத் தேயிலைத் தோட்டத்து அறை கிடையாது என்று உங்களைக் கிளப்புகிறார்களாம். யாரிடம் உதவி கேட்பது என்று எழுதியிருந்தீர்கள். சரியான ஆளைத்தான் கேட்டிருக்கிறீர்கள். என்னையும் மாத முடிவில் வெளியேறச் சொன்னார்கள், எங்களுக்குப் போக வேறு இடமும் இல்லை. தொழிற்சங்கத்துக்குப் போனேன். "வாத்தியாரய்யா, நீங்க என்னைக்குக் கொழுந்து எடுத்தீங்க?" என்றார் தலைவர். எதிர்ச் சங்கத்துக்குப் போனேன். "மொதல்ல அவங்ககிட்டதானே போனீங்க? அங்கேயே போங்க!" அரசாங்கக் கந்தோர் ஒன்றில் சிங்களத்தில் முறையிட்டேன். அது மரக்கறி வாங்கப் பழகிய சிங்களம். அந்த ஐயா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சந்தைக்கு வழி காட்டினார். உதாரணமாக, பல்வலிக்காரனைக் கண் வைத்தியர் கால் வைத்தியரிடம் அனுப்பினால் என்ன ஆகும்? பல் அங்கேயேதான் இருக்கும், மச்சான்.

சந்தைக்கு வந்தாயிற்றே என்று மீராசாஹிப் கடையில் தேநீர் குடித்தேன். "ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் பேசக் கத்துக் குடுத்தீங்க. ஒங்களுக்காக ஒருக்கா பேச வாய் வராதா? நேரா தொரைகிட்ட போங்க சேர்" என்றார் அவர்.

தோட்டத்தை நிர்வகிக்கும் புதிய துரை வந்திருந்த வாரம் அது. கொழுந்தைத் தேயிலையாக்கும் ஸ்டோர் வாசலில் அரைக்கால் சட்டை, தொப்பி, பக்கத்தில் நாய். துரையின் முகத்தைப் பார்ப்பது நம் தோட்டங்களில் வழக்கமில்லையே. குடையை மடக்கி, செருப்பைக் கழற்றி, தொப்பியைப் பார்த்தே பேசினேன். ஆங்கிலத்தில், உதாரணங்களோடு. "ஐயா, இந்த நாய்க்கு வயதானால் பங்களாவை விட்டுத் துரத்துவீர்களா?" என்றேன். இன்னும் பல உதாரணங்கள் சொன்னேன். "யெஸ், யெஸ், இருங்கள்! கூரையையும் மாற்றிக்கொள்ளுங்கள்!" என்றது தொப்பி. அந்தப் பக்கம் வந்த, தோட்ட வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு சிவசாமியும் தலையைக் குனிந்தபடி அதைக் கேட்டு, மறுநாளே தகரம் அனுப்பிவிட்டார்.

ஆகவே மச்சான், பிறர் வாயை நம்பி அலைய வேண்டாம். முடிவெடுக்கும் ஆள் யார் என்று அறிந்து, அவரிடம் நீங்களே பேசுங்கள்.

லெட்சுமி அக்காவுக்கு எங்கள் வணக்கம். பிள்ளைகள் குறைவில்லாமல் வாழட்டும்.

இப்படிக்கு,
அழகுமுத்து

பி.கு.: உறையை ஒட்டும் முன் பூரணி ஒரு செய்தி கொண்டுவந்தாள். நான் பேசிய மனிதர் துரை இல்லையாம். கொழுந்து உருட்டும் ரோலர் பழுதானதைப் பார்க்கக் கொழும்பிலிருந்து வந்த மெக்கானிக்காம். நாய் மட்டும் அசல் துரையுடையது. என்னிடமிருந்து தப்பி உள்ளே போகத்தான் அந்த மனிதர் தலையாட்டியிருக்கிறார். "தொரை சொன்னபடி கூரை மாத்தியாச்சுங்க" என்று கண்டாக்கு போய்ச் சொல்ல, எப்போது சொன்னோம் என்று கேட்கக் கூச்சப்பட்டு உண்மையான துரையும் "வெரி குட்" என்றாராம். எனவே மேலே உள்ள அறிவுரையை மறந்துவிடுங்கள். உங்கள் ஸ்டோரில் ரோலர் எப்போது பழுதாகும் என்று மட்டும் விசாரித்து வையுங்கள்.